வயர் போட்ட நெட் விட்டு விட்டு அறுந்தால்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

வைஃபையை நம்ப முடியாது என்றுதான் பலரும் வயர் இழுக்கிறார்கள். அந்த வயரிலேயே நெட் ஐந்து நொடி போய், தானாக வந்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போனால் என்ன செய்வது? மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது குரல் அறுகிறது, ஆன்லைன் தேர்வு எழுதும் பிள்ளை பாதியில் வெளியே தள்ளப்படுகிறாள். புகார் கொடுத்தால் ஆள் வரும் நேரத்தில் நெட் ஒழுங்காக ஓடும். "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். முழுதாக நின்றுபோன நெட்டைச் சரிசெய்வது சுலபம். விட்டு விட்டுப் போவதுதான் ஆளைச் சோர்ந்துபோக வைக்கும்.

சொந்தக்காரர் வீடுகளிலும் எங்கள் தெருவிலும் இதே பழுதைத் திரும்பத் திரும்பப் பார்த்து நான் வைத்துக்கொண்ட வரிசை இது. ஃபைபர் லைன், அதில் வரும் ஒளியை நெட்டாக மாற்றும் ஓஎன்டி என்கிற பெட்டி, ரவுட்டர் (சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டி), அங்கிருந்து சுவர் வழியாகக் கணினிக்கு லேன் கேபிள் என்ற அமைப்பை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இன்று பெரும்பாலான வீடுகளில் இதுதான். ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தத் துண்டில் அறுகிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். புது ரவுட்டரும் வேகமான பிளானும் வாங்கிய பிறகும் நெட் அதே மாதிரி அறுந்த வீடுகள் உண்டு. அங்கே கோளாறு பத்து ரூபாய் கனெக்டரில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் முன்: எந்தத் துண்டு என்று பிரித்துப் பாருங்கள்

கணினியில் இரண்டு கமாண்ட் சன்னல்களைத் திறங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடினால் வரும் கறுப்புச் சன்னல்தான். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் எண்ணுக்கு பிங் கொடுங்கள், அதாவது ping என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணை அடியுங்கள்; எதிர்முனை பதில் சொல்கிறதா என்று அது காட்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். இன்னொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் டிஎன்எஸ் (வலைத்தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) எண்ணுக்கு பிங் கொடுங்கள். விண்டோஸில் நான்கு முறையோடு பிங் நின்றுவிடும். தொடர்ந்து ஓட வேண்டுமானால் எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, அதோடு ஒட்டி ஆங்கில 'டி' சேர்க்க வேண்டும். மேக்கிலும் லினக்ஸிலும் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்த கன்ட்ரோல் விசையோடு சி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் அறுந்த உடனே இந்தச் சன்னல்களைப் பாருங்கள்.

இரண்டு சன்னலும் ஒரே சமயத்தில் நின்றால் கோளாறு வீட்டுக்குள். அறிகுறி 1, 2, 5 பக்கம் போங்கள். ரவுட்டர் சன்னல் ஓடிக்கொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ. அறிகுறி 3, 4. இரண்டுமே நிற்கவில்லை, ஆனால் 8.8.8.8 சன்னலில் மில்லிசெகண்ட் எண்ணிக்கை 15, 20-இலிருந்து பல நூறுக்கு ஏறுகிறது என்றால் லைன் அறவில்லை, நெரிசல். அறிகுறி 6. இரண்டும் சீராக ஓடும்போதே புது வலைத்தளம் மட்டும் திறக்கவில்லை, ஏற்கெனவே ஓடும் வீடியோ ஓடுகிறது என்றால் டிஎன்எஸ் பக்கம் பாருங்கள். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறுந்த நேரத்தில் சன்னலில் வந்த வாசகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். "ஜெனரல் ஃபெயிலியர்" என்று வந்தால் பெரும்பாலும் கணினிக்குத் தன் கேபிளே செத்துப்போனதாகத் தெரிந்திருக்கிறது. "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் கேபிள் உயிரோடு இருக்கிறது, பதில்தான் வரவில்லை.

அப்புறம், எவ்வளவு நேரம் அறுகிறது என்பது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். இரண்டிலிருந்து ஐந்து நொடி என்றால் கேபிளின் இரு முனைகளும் பேச்சை முறித்து மறுபடி வேகம் பேசி முடிவுசெய்கின்றன என்று பொருள். கேபிள், கனெக்டர், போர்ட், கார்டு இவற்றில் ஒன்று. அரை நிமிடம் போல என்றால் ரவுட்டர் நெட் கம்பெனியோடு மறுபடி லாகின் ஆகிறது. ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் என்றால் ஏதோ ஒரு பெட்டி முழுதாக அணைந்து எழுந்திருக்கிறது. ஒரு தாளில் நேரம், எத்தனை நொடி, அப்போது வீட்டில் என்ன ஓடியது என்று மூன்றே விஷயம் எழுதி வையுங்கள். இரண்டு நாள் எழுதினால் போதும்.

அறிகுறி 1: கணினியில் நெட் குறியில் பெருக்கல் அடையாளம் வந்து, சில நொடியில் மறைகிறது

வயர் நெட்டில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

*கனெக்டரின் காது உடைந்திருக்கிறதா?* லேன் கேபிளின் முனையிலுள்ள ஆர்ஜே45 கனெக்டரின் மேல் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் காது உடைந்தால் கனெக்டர் போர்ட்டுக்குள் பூட்டிக்கொள்ளாது. மேசையைத் தட்டினால்கூட தொடுப்பு விடும். கழற்றி மாட்டும்போது "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கேபிளை மாற்றுங்கள், அல்லது முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போடச் சொல்லுங்கள்.

*அசைத்துப் பாருங்கள்.* பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே கனெக்டருக்குப் பக்கத்தில் கேபிளை மெல்ல இப்படியும் அப்படியும் அசையுங்கள். ரவுட்டர் முனை, சுவர் சாக்கெட்டின் முனை, கணினி முனை என்று ஒவ்வொன்றாக. எங்கே அசைக்கும்போது அறுகிறதோ அங்கேதான் கோளாறு. கட்டில் காலுக்கடியிலும் கதவிடுக்கிலும் கேபிள் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

*மாற்றி மாட்டுங்கள்.* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். முதலில் ரவுட்டரில் வேறு போர்ட். அரை நாள் பாருங்கள். அப்புறம் சுவரிலிருந்து கணினிக்கு வரும் சின்ன கேபிளை மாற்றுங்கள். அப்புறம் ரவுட்டர் பக்கத்துச் சின்ன கேபிள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் நெட் சரியாகலாம், ஆனால் எது கெட்டது என்று தெரியாது. அந்தக் கெட்ட கேபிள் அலமாரியில் போய்ப் படுத்து, அடுத்த வருடம் வேறொரு அறையில் மறுபடி வேலைக்கு வரும்.

*வேகம் எவ்வளவு காட்டுகிறது?* விண்டோஸில் ஈத்தர்நெட் அமைப்பைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000 எம்பிபிஎஸ் என்றோ 100 என்றோ காட்டும். இரு பக்கமும் கிகாபிட் பெட்டிகளாக இருந்தும் 100 காட்டினால், அல்லது காலையில் 1000-உம் மாலையில் 100-உம் காட்டினால், கேபிளில் ஏதோ ஒரு கம்பி விட்டு விட்டுத் தொடுகிறது. 100-க்கு நான்கு கம்பி போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். ஒன்று நழுவினாலும் பேச்சு முறிந்து, குறைந்த வேகத்தில் மறுபடி தொடங்கும். அந்த இடைவெளிதான் உங்களுக்கு அறுந்ததாகத் தெரிகிறது.

அதற்காக கணினியில் வேகத்தைக் கையால் 100 என்று பூட்டி வைப்பது மருந்தாகாது. எதிர்முனை தானாக முடிவுசெய்யும் நிலையில் இருந்தால், இரண்டுக்கும் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் முறை) ஒத்துப்போகாமல் நெட் இன்னும் மோசமாகத் தள்ளாடும். ஆட்டோவிலேயே விடுங்கள். கம்பியைச் சரிசெய்யுங்கள்.

*கனெக்டருக்குள் நிற வரிசை.* கனெக்டர் கண்ணாடி போல இருப்பதால் உள்ளே கம்பிகள் தெரியும். காது கீழே இருக்கும்படி, பித்தளைப் பட்டைகள் உள்ள முனை உங்களுக்கு எதிர்ப்பக்கமும் கேபிள் உங்கள் பக்கமும் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலம் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று இருக்க வேண்டும். வீட்டு வயரிங் போட வந்தவரே லேன் முனையும் போட்டிருந்தால், ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி என்று நேராக அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். இரண்டு முனையிலும் ஒரே மாதிரிதானே போட்டேன் என்பார். விளக்கு எரியும் மலிவான டெஸ்டரும் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிந்து "சரி" என்றுதான் சொல்லும். ஆனால் 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் முறுக்கிய ஒரே ஜோடியில் இருக்க வேண்டும். நேராக அடுக்கினால் அது இரண்டு வேறு ஜோடிகளில் பிரிந்துபோகும். சின்ன கேபிளில் தப்பித்துவிடும். மாடிக்கு 20, 30 மீட்டர் போகும் கேபிளில் நெட் நோயாளியாகவே இருக்கும். டெஸ்டர் பச்சை காட்டியதால் கேபிளைச் சந்தேகப்படாமல் விட்டுவிடாதீர்கள்.

*அலுமினியக் கேபிளா?* இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் கேட்6 என்று மலிவாக விற்பதில் பல, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. சிசிஏ என்பார்கள். பார்க்கச் செம்பு நிறம்தான். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். இரண்டு மூன்று முறை மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று ஒடியும். வளைவுகளிலும் கனெக்டர் முனையிலும் இவை கீறல் விட்டு, வெயில் ஏறும்போது ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி நடக்கும். சுவருக்குள் இது போயிருந்தால் முனையை மறுபடி போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டலாம். நிரந்தரத் தீர்வு முழுச் செம்புக் கேபிளாக மாற்றுவதுதான். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கேபிள் பெட்டியில் முழுச் செம்பு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு துண்டு சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

*கணினியின் மின்சேமிப்பு.* கேபிள் எல்லாம் நன்றாக இருந்தும், அதிலும் கணினி சும்மா இருந்துவிட்டு வேலை தொடங்கும்போது அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட், கிரீன் ஈத்தர்நெட் என்று இருப்பவற்றை அணையுங்கள். பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் "மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற பொருளில் இருக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். 2.5 கிகாபிட் போர்ட் உள்ள மதர்போர்டுகளில் இதை முதலிலேயே செய்வேன். இன்டெல்லின் ஐ225-வி, ஐ226-வி சிப்புகளில் இப்படி அறுவது பலருக்கும் நடந்திருக்கிறது. டிரைவரை மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்தே புதுப்பியுங்கள். ஈவென்ட் வியூயரில், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போனால் அறுந்த நேரங்கள் பதிவாகியிருக்கும். இன்டெல் கார்டுகள் 27 என்ற எண்ணில் "லிங்க் துண்டிக்கப்பட்டது" என்று எழுதி வைக்கும். உங்கள் தாளிலுள்ள நேரத்தோடு அது ஒத்துப்போகிறதா பாருங்கள்.

*போர்ட்டே பழுதா?* ஒரு நீளமான, நல்லதென்று தெரிந்த கேபிளைத் தரையிலேயே போட்டு, சுவரைத் தொடாமல் ரவுட்டருக்கும் கணினிக்கும் நேராக மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். அப்படியும் அறுந்தால், அதே கேபிளில் வேறு மடிக்கணினியை மாட்டுங்கள். அதில் நன்றாக ஓடினால் கார்டுதான். யூஎஸ்பி-லேன் மாற்றி ஒன்று வாங்கினால் தீர்ந்தது. மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. தரைக் கேபிளில் எல்லாம் சரியாக ஓடி, சுவர் வழியாக மட்டும் அறுந்தால் கோளாறு சுவருக்குள். முதலில் சாக்கெட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். எறும்புக் கூடும், கடலோர ஊர்களில் பச்சை பிடித்த பின்களும் நான் கண்டவை. சாக்கெட்டை மாற்றியும் தீராவிட்டால் லேன் கேபிளிங் செய்பவரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. புதுக் கேபிள் இழுக்கும்போது பழையதையே கயிறாக வைத்து இழுக்கலாம் என்பதால் சுவரை உடைக்க வேண்டியிருக்காது. பைப் அடைபட்டிருந்தால் தவிர.

*மழைக்காலம்.* ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால், மொட்டை மாடி வழியாகவோ பக்கத்து வீட்டுக்கோ போகும் லேன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பக்கத்தில் இடி விழுந்தாலே அந்தச் செம்பில் மின்னழுத்தம் ஏறிப் போர்ட்டைப் பாதி சாகடித்துவிடும். முழுதாகச் செத்திருந்தால் உடனே தெரியும். பாதி செத்ததுதான் இப்படி விட்டு விட்டு ஓடும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு வேண்டாம். ஃபைபரும் இரு முனையில் மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி) போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. ஆனால் இரும்புக் கம்பி தாங்கிய ஃபைபர் என்றால் அந்தக் கம்பியை உள்ளே கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

அறிகுறி 2: மோட்டார் போடும்போது, ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது, மின்சாரம் மாறும்போது அறுகிறது

உங்கள் தாளில் "மோட்டார்", "மோட்டார்" என்று திரும்ப வந்தால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: ரவுட்டரோ ஓஎன்டியோ அணைந்து எழுகிறதா, இல்லையா?

பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை அடித்து அதன் பக்கத்துக்குள் போய், சிஸ்டம் நிலையில் அப்டைம் (அணையாமல் ஓடிய நேரம்) பாருங்கள். பத்து நாளாக அணைக்காத பெட்டி, அப்டைம் 40 நிமிடம் என்று காட்டினால் அது தானாக அணைந்து எழுந்திருக்கிறது.

அணைந்து எழுகிறது என்றால், முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். அடுத்து அடாப்டர். பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. மூன்று நான்கு வருடம் இரவு பகலாக ஓடிய அடாப்டர் சோர்ந்துபோய், மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலே கைவிடும். அதே வோல்ட், அதே அளவு அல்லது அதற்கு மேல் ஆம்பியர், அதே முனை உள்ள அடாப்டர் வாங்குங்கள். வோல்ட் மாறக்கூடாது. ஆம்பியர் கூடினால் பாதகமில்லை. அதற்கும் அடங்காவிட்டால் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ். ஓஎன்டி தனிப் பெட்டி என்றால் அதையும் சேர்த்துத் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். ரவுட்டருக்கு மட்டும் வாங்கிவிட்டு ஓஎன்டியை மறந்துவிடுபவர்கள் நிறைய. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளிலும், கரண்ட் போய் அது மாறும் அந்த ஒரு கணத்தில் ரவுட்டர் அணையலாம். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் முறை என்ற சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள்.

அணையவில்லை, ஆனாலும் மோட்டார் போட்டால் அறுகிறது என்றால் லேன் கேபிள் கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் போகிறது என்று நினைக்கலாம். கேபிளைத் தரையில் போட்டுப் பார்த்தால் உறுதியாகிவிடும். கரண்ட் வயரும் லேனும் ஒரே பைப்பில் இருப்பது நெட்டுக்கு மட்டும் கெடுதல் அல்ல, ஆபத்தும்கூட. பிரித்துத் தனி வழியில் கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டும் குறுக்கே வெட்டிப் போகலாம், நீளத்துக்கு ஒட்டிப் போகக்கூடாது.

மோட்டார் போட்டால் வீட்டு விளக்குகளே மங்குகின்றன, அல்லது சில விளக்குகள் திடீரென்று பிரகாசமாகின்றன என்றால் நெட்டை விட்டுவிடுங்கள். நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். அன்றே எலக்ட்ரீஷியன் வர வேண்டும். மீட்டர் பெட்டிக்கு முன் என்றால் மின்வாரியத்தில் சொல்ல வேண்டும். இதில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

அறிகுறி 3: வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகப் போகிறது, எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது

ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவந்தால் ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. பான் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் ஒளி வருகிறது, ஆனால் எக்ஸ்சேஞ்ச் பக்கத்துப் பெட்டியோடு பேச்சு முடியவில்லை. இரண்டிலும் உங்கள் கணினிக்கோ லேன் கேபிளுக்கோ சம்பந்தமில்லை.

நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஓஎன்டிக்குள் வரும் மெல்லிய கேபிள் எங்காவது இறுக்கி மடிந்திருக்கிறதா, மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா பாருங்கள். பெரிய வட்டமாகத் தளர விடுங்கள். டேக் போட்டு இறுக்கியிருந்தால் வெட்டிவிடுங்கள். ஃபைபர் மடிந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும், உடைய வேண்டியதில்லை. கனெக்டரைக் கழற்றித் துணியால் துடைப்பது, ஊதுவது வேண்டாம். தூசியும் எச்சிலும் சேர்ந்து இன்னும் கெடும். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

ஓஎன்டி பக்கத்துக்குள் போக முடிந்தால் ஆப்டிகல் தகவலில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) என்று ஒரு எண் இருக்கும். வீடுகளில் வழக்கமாக இருக்கும் ஜிபான் லைனில் மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையே இருந்தால் பெட்டி பேச முடியும். ஆனால் மைனஸ் 25, 26 என்று ஓரத்தில் நின்றால், காற்றில் கேபிள் ஆடினால்கூட அறும். நன்றாக ஓடும்போது ஒரு முறை, அறுந்து வந்த உடனே ஒரு முறை அந்த எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மைனஸ் 20 இருந்தது மைனஸ் 26 ஆனது என்று காட்டினால் வருபவர் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

இதற்கு மேல் நெட் கம்பெனியின் ஆள்தான். அவர் ஒளியை அளக்கும் பவர் மீட்டரோடு வர வேண்டும். தெருவில் கம்பத்துக்குக் கம்பம் போகும் ஃபைபரை அணில் கடித்திருக்கலாம், மரக்கிளை உரசலாம், கம்பத்துப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், ஒட்டு தளர்ந்திருக்கலாம். ஓஎன்டியை மாற்றிவிட்டு அவர் கிளம்பப் பார்த்தால், வீட்டு முனையில் ஒளி எவ்வளவு என்று ஒரு தடவை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி 4: எல்ஓஎஸ் சிவக்கவில்லை, ரவுட்டர் அணையவில்லை, ஆனால் இன்டர்நெட் விளக்கு அரை நிமிடம் போய் வருகிறது

ரவுட்டர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து லாகின் ஆகும் பிபிபிஓஇ லைன்களில் இது வரும். ரவுட்டரின் சிஸ்டம் லாக்கில் பிபிபிஓஇ துண்டிப்பு, மறுஇணைப்பு என்று நேரத்தோடு பதிவாகியிருக்கும். ஒரு நாளுக்கு ஒரு முறை, தினமும் ஒரே நேரத்தில் என்றால் கம்பெனியே லாகினைப் புதுப்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தை அதிகாலைக்குத் தள்ள, முந்தைய நாள் அதிகாலையில் ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டால் பல இடங்களில் நேரம் நகர்ந்துவிடுகிறது.

நாளெல்லாம் திரும்பத் திரும்ப என்றால், ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் குட்டிக் கேபிளை முதலில் மாற்றுங்கள். எல்லாரும் மறக்கும் கேபிள் அது. அடுத்து, ஓஎன்டியும் ரவுட்டரும் இரண்டுமே அதே பெயரில் லாகின் ஆக முயல்கின்றனவா என்று பாருங்கள். புது ரவுட்டர் வைத்தபோது ஓஎன்டியை பிரிட்ஜ் நிலைக்கு (தான் லாகின் ஆகாமல் நெட்டை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் நிலை) மாற்றாமல் விட்டால் ஒன்றை ஒன்று வெளியே தள்ளும்.

சித்திரை, வைகாசியில் மட்டும், மதியத்தில் மட்டும் என்றால் சூடு. ரவுட்டர் செட்டாப் பாக்ஸின் தலையிலோ மூடிய டிவி அலமாரிக்குள்ளோ இருந்தால் வெளியே எடுத்துச் சுவரில் மாட்டுங்கள். ஒரு நாள் டேபிள் ஃபேன் காற்றில் வைத்துப் பாருங்கள். அறுவது நின்றால் விடை கிடைத்துவிட்டது.

எதுவும் பிடிபடாவிட்டால் ரவுட்டரை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, கணினியை நேராக ஓஎன்டியில் மாட்டி ஓட்டுங்கள். அப்படியும் அறுந்தால் கம்பெனி பொறுப்பு. அறாவிட்டால் ரவுட்டர். ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பித்து, ரீசெட் செய்து, அதற்கும் மேல்தான் புது ரவுட்டர்.

அறிகுறி 5: ஒரே ஒரு கணினிக்கு, அல்லது சிலருக்கு மட்டும் போகிறது, கேபிள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது

பழைய ரவுட்டரை மாடியில் ஸ்விட்ச் (ஒரு லேன் கேபிளைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாதிரி பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் அதிலுள்ள டிஎச்சிபியை (கணினிகளுக்குத் தானாக எண் கொடுக்கும் வசதி) அணைத்தீர்களா என்று பாருங்கள். அணைக்காவிட்டால் வீட்டில் இரண்டு பெட்டிகள் எண் கொடுக்கும். கணினி எதனிடம் வாங்கியதோ அதைப் பொறுத்து நெட் வரும் அல்லது வராது. இரண்டுக்கும் 192.168.1.1 என்றே எண் இருந்தால் இன்னும் குழப்பம். பழையதன் எண்ணை 192.168.1.2 போல மாற்றி, டிஎச்சிபியை அணைத்து, மெயின் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் மாட்டுங்கள், வெளி நெட் நுழையும் வான் போர்ட்டில் அல்ல.

சிசிடிவி பெட்டிக்கும் பிரிண்டருக்கும் யாரோ கையால் எண் கொடுத்திருப்பார்கள். அதே எண்ணை ரவுட்டர் உங்கள் கணினிக்கும் கொடுத்துவிட்டால் இருவரும் மாறி மாறி அறுவீர்கள். பிரிண்டரை அணைத்த நாளில் நெட் நன்றாக ஓடினால் இதுதான். கையால் கொடுக்கும் எண்களை டிஎச்சிபி வரம்புக்கு வெளியே வையுங்கள். கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாரிடமிருந்தும் எண் கிடைக்கவில்லை. ரவுட்டரிடம் கேட்ட கேள்வி போய்ச் சேரவில்லை என்பதால் கேபிளையும் ஸ்விட்ச்சையும் மறுபடி பாருங்கள்.

ஸ்விட்ச்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தாற்போல் மினுக்கி, வீடு முழுக்க நெட் படுத்துவிட்டால், ஒரே கேபிளின் இரு முனையும் அதே ஸ்விட்ச்சில் மாட்டப்பட்டிருக்கும். வீட்டைப் பெருக்கித் துடைத்த பிறகு கீழே கிடந்த முனையை யாராவது அக்கறையாக மாட்டிவிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள்.

அறிகுறி 6: அறவில்லை, ஆனால் சில நிமிடம் திணறிவிட்டுச் சரியாகிறது

பிங் நேரம் பல நூறு மில்லிசெகண்ட் ஏறும் நேரத்தில் வீட்டில் யார் என்ன அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். கல்யாண வீடியோ கைபேசியிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும், அல்லது கேமரா கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (வேகத்தைப் பங்கிட்டுக் கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் மேலேற்றும் வேகத்தை உங்கள் பிளானில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டி வையுங்கள். பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள்.

ஆளைக் கூப்பிடும்போது

கேபிளைத் தரையில் போட்டு, ரவுட்டரை எடுத்துவிட்டு, நேராக ஓஎன்டியில் மாட்டியும் அறுகிறது என்பதுவரை நீங்கள் பார்த்துவிட்டால், கஸ்டமர் கேரில் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்ற பேச்சை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடலாம். எந்த எந்த நேரத்தில் எத்தனை நொடி, எல்ஓஎஸ் விளக்கு எப்படி இருந்தது, ஆர்எக்ஸ் பவர் எவ்வளவு என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். எண் இல்லாத புகார் பதிவாகாத புகார். சரிசெய்யாமலே புகாரை மூடிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஒழுங்குமுறையின்படி நெட் கம்பெனிகள் அப்படி ஓர் அமைப்பு வைத்திருக்க வேண்டும். பழைய புகார் எண்ணை அதில் குறிப்பிட வேண்டும், கட்டணம் எதுவும் கிடையாது.